பழைய ஸ்போர்ட்ஸ் காரை மும்பையிலிருந்து ஊருக்கு ஓட்டிப் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இருக்கும் நம் ஆட்களில் யாராவது எம்ஜி, ட்ரையம்ஃப் மாதிரி ஒரு பழைய பிரிட்டிஷ் இரண்டு சீட் வண்டி வாங்கிவிட்டால் உடனே வருகிற ஆசை, இதை ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டே போய் இறங்கணும் என்பதுதான். கோயம்புத்தூர் என்றால் புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம் வழியாக ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். தாராளமாகப் போகலாம். ஆனால் இப்படிக் கிளம்பும் வண்டிகள் நடுவழியில் நிற்பதற்கு வயசு மட்டும் காரணமில்லை. பல வருஷம் ஷெட்டில் ஓடாமல் கிடந்ததும், கிளம்புவதற்கு முந்தைய வாரம் நாம் ஆர்வக்கோளாறில் செய்யும் வேலைகளும் சேர்ந்துதான் காலை வாரிவிடும்.

முதல் கோளாறு அழகுபடுத்துவது. வாங்கிய கையோடு சீட் கவர், குரோம் பாலிஷ், ஸ்டீரியோ என்று பணத்தை இறைத்துவிட்டு, பிரேக் என்று வரும்போது "இப்போதைக்கு ஓடுதே" என்பார்கள். பெயிண்ட் அடுத்த வருஷம் அடித்துக்கொள்ளலாம். ஸ்டீரியோ, போன் சார்ஜர் மாட்டியே ஆகணும் என்றால் அதற்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும், இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. எம்ஜியின் எம்ஜிபி மாடலிலேயே 1967 வாக்கில்தான் இது மாறியது. நடுவில் யாராவது மாற்றி வைத்திருக்கலாம், ஆகவே வருஷத்தை வைத்து முடிவு செய்யாமல் வயரைப் பாருங்கள். தெரியாமல் மாட்டினால் ஸ்டீரியோ புகைந்துவிடும்.

பிரேக் விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. அந்தக் கால வண்டிகள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட், அதாவது பிரேக் ஃப்ளூயிட் போக ஒரே வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையோடு போய்விடும், மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டும்தான், அதுவும் பிடித்தால். வண்டியை நிறுத்தி வைத்து பெடலை ஒரு நிமிஷம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் வெளியே ஒரு சொட்டு ஒழுகாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஃப்ளூயிடுக்குக் கொடுக்கும் பம்ப்) உள்ளுக்குள் கசிகிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்துகொண்டு உள்ளே ஊதிப்போயிருக்கும். அப்போது பிரேக் பிடிக்கும், ஆனால் விடாது, ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கும். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொடாதீர்கள்), எது தகிக்கிறது என்று தெரிந்துவிடும். ஹோஸ், வீல் சிலிண்டர் கிட், ஃப்ளூயிட் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சாதாரண பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கடற்கரை ஊரில் கிடந்த வண்டியில் எத்தனை வருஷத்து ஃப்ளூயிட் இருக்கிறதோ யார் கண்டது. மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இரும்பு பிரேக் பைப்புகளையும் விட்டுவிடாதீர்கள். மும்பை உப்புக்காற்றில் அவை உட்காரும் இடங்களில், குறிப்பாக கிளிப்புக்கு அடியில்தான், துரு தின்றிருக்கும்.

டயரில் ஏமாறுவது சுலபம். ஓடாத வண்டிக்குப் பட்டன் தேயாது, புது டயர் மாதிரியே இருக்கும். பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் குறியீட்டின் கடைசி நாலு எண்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது, எவ்வளவு பட்டன் இருந்தாலும் கழற்றிப் போட வேண்டியது. மூன்றே எண்கள்தான் இருக்கிறதா? 2000க்கு முந்தையது, அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதில்லை. கம்பிச் சக்கரமாக இருந்தால் பங்சர் கடையில் "ட்யூப்லெஸ் போட்டுடலாம் சார்" என்று சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்தச் சக்கரங்களில் ஆரக்கம்பி முனைகள் ரிம்முக்குள் வருவதால் காற்று நிற்காது, உள்ளே ரிம் டேப்பும் ட்யூபும் வேண்டும். நடுவில் சுத்தியலால் தட்டி இறுக்கும் பெரிய நட்டு இடது பக்கம் ஒரு திசையிலும் வலது பக்கம் எதிர்த்திசையிலும் சுற்றும். இதை ராத்திரி நேரத்தில் ரோட்டோரம் கண்டுபிடிக்க வேண்டாம், வீட்டு வாசலிலேயே ஒரு தடவை நாலையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். வண்டிக்குள் இருக்கும் ஜாக்கி உண்மையிலேயே வண்டியைத் தூக்குகிறதா, இல்லை துருப்பிடித்த அடித்தளத்தைக் குத்திக்கொண்டு மேலே வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வாங்கியவர்கள் இதைக் கவனமாகப் படிக்கணும். அதன் முன் சஸ்பென்ஷன், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் குடும்பம்தான். முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை, கீழே ட்ரனியன் என்ற பித்தளை நிறத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றும். அதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில், மேனுவலில் அப்படித்தான் இருக்கிறது. நம் மெக்கானிக்குகளோ நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை எடுத்துவிடுவார்கள். கிரீஸ் மரையின் அடிவரை சரியாகப் போகாது, அங்கே தண்ணீர் தங்கி இரும்பு அரிக்கும், ஒரு நாள் தண்டு ஒடிந்து சக்கரம் உள்பக்கமாக மடிந்துவிடும். பார்க்கிங்கில் முழு வளைவில் திருப்பும்போது ஒடிந்தால் அதிர்ஷ்டம். கிளம்பும் முன் கழற்றிச் சுத்தம் செய்து, துரு அரித்திருந்தால் மாற்றி, ஆயில் விடுங்கள். எம்ஜிபிக்கு இந்தக் கதை பொருந்தாது, அதற்குக் கிரீஸ்தான். அதனால்தான் எந்த வண்டியாக இருந்தாலும் அதன் மேனுவலை முதலில் தேடிப் பிடியுங்கள் என்கிறேன். ஹெரால்டில் கைபழகிய வயசான மெக்கானிக் யாராவது கிடைத்தால் விடாதீர்கள்.

சூடாகும் பிரச்சினைக்கு நம்மூர் வைத்தியம் ஒன்று உண்டு, தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறிவது. குர்லா பக்கம் கராஜில் கேட்டால் "சலேகா சாப்" என்பார்கள். ஓடும்தான். ஆனால் சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் இல்லாமல் தண்ணீர் சுற்றும் விதமே கெட்டுவிடும், சமவெளியில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும், உண்மையான காரணம் அப்படியே இருக்கும். காரணம் பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் படிந்த உப்பும் சேறும், இல்லையென்றால் பிடிப்பு விட்ட ரேடியேட்டர் மூடி. ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். கோப்போலியிலிருந்து லோனாவ்லா ஏற்றத்தில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து போகும்போதுதான் இதற்கெல்லாம் பரீட்சை. புனே தாண்டினால் கம்பாட்கி மலைப்பாதை வேறு இருக்கிறது. சூட்டைக் காட்டும் முள் ஏறினால் ஹீட்டரைத் திறந்து விடுங்கள், கொஞ்சம் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், உங்களுக்கு வியர்க்கும், பரவாயில்லை.

பெட்ரோல் பக்கம் வந்தால், இப்போது பங்கில் வரும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது இளக்கி விரிசல் விடச் செய்யும், சூடான இன்ஜின் மேல் ஒரு சொட்டு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் ஹோஸை டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை முழுக்க மாற்றுங்கள், பாதி மாற்றிப் பயனில்லை. டேங்க்கைக் கழற்றிக் கழுவாமல் கிளம்புவது இன்னொரு தவறு. ஊருக்குள் கால் டேங்க்கில் ஓடும்போது அடியில் அமைதியாகக் கிடந்த துரு, ஃபுல் டேங்க் போட்டு ரோட்டில் குலுங்கியதும் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டர் இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரு தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும், டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் இருந்து என்ன பிரயோஜனம்?

இவ்வளவும் சொன்னதால் கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லாவற்றையும் புதுசாக மாற்றிவிடாதீர்கள், அதுதான் ஆர்வக்காரர்களின் பெரிய தவறு. இன்று கிடைக்கும் ரோட்டர், கண்டென்சர் மாதிரி இக்னிஷன் பாகங்கள் பலவற்றின் தரம் பழசைவிட மட்டம், பெட்டி பிரித்த அன்றே செத்துப்போவதும் உண்டு. நன்றாக ஓடும் பழைய கண்டென்சரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால், பழசை எறியாமல் வண்டியிலேயே வையுங்கள். எதை மாற்றினாலும் மும்பைக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள், கட்கோபர் டிராஃபிக்கைத் தாங்கினால் மற்றதைத் தாங்கும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் லோனாவ்லா வரை போய் வாருங்கள். திரும்பி வந்து எல்லா நட்டையும் கிளிப்பையும் ஒரு சுற்று இறுக்குங்கள், கட்டாயம் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். கையில் ஃபேன் பெல்ட், மேல் ரேடியேட்டர் ஹோஸ், இக்னிஷன் பாயிண்ட், ஃப்யூஸ், இரண்டு லிட்டர் ஆயில், தண்ணீர் கேன் இருந்தால் போதும், டிக்கியை ஸ்பேர் கடை ஆக்க வேண்டாம்.

பேப்பர் விஷயத்தில் சோம்பல் வேண்டாம். 50 வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்கு 2021 விதிகளின்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், நம்பரில் விஏ என்று வரும். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவோ தொழிலுக்கு ஓட்டவோ கூடாது, கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். விற்பவர் அந்த நம்பரைக் காட்டினால், இப்படி ஊருக்கு ஓட்டிப் போகலாமா என்று கிளம்பும் முன் ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பதிவு என்றால் 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்திருக்கிறார்களா, இன்ஜின் நம்பரும் சேஸி நம்பரும் ஆர்சி புக்கோடு ஒத்துப்போகிறதா, பியுசி (புகைச் சான்று), இன்ஷூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மகாராஷ்டிராவிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்காமல் ஊருக்கு வந்துவிட்டால் அதற்காகவே மறுபடி அலையணும்.

தேதி டிசம்பர், ஜனவரி ஆகட்டும். ஜூனில் மழையில் அந்தக் குட்டி வைப்பரை நம்பிப் போகாதீர்கள். டைனமோவால் பேட்டரி சார்ஜ் ஆகும் பழைய வண்டி என்றால் ராத்திரிப் பயணமே வேண்டாம், மெதுவாகப் போகும்போது அது சார்ஜ் ஏற்றுவது கம்மி, ஹெட்லைட் பேட்டரியைக் குடித்துவிடும். முதல் நாள் கோலாப்பூரோடு நிறுத்துங்கள், அந்த ஊர்ச் சிவப்புக் காரக் குழம்பான தாம்ப்டா ரஸ்ஸா சாப்பிட்டுத் தூங்கலாம்.

சொன்ன தேதிக்குள் பிரேக் வேலை முடியவில்லை என்றால் லாரியில் ஏற்றி அனுப்புங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஏற்றும்போது நீங்களே நில்லுங்கள். கயிற்றை பம்பரிலோ ஸ்டீயரிங் ராடிலோ கட்ட விடாமல் சக்கரங்களைச் சுற்றி பெல்ட் போடச் சொல்லுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள், டேங்க்கில் பெட்ரோல் கொஞ்சமாக இருக்கட்டும், ஏற்கெனவே இருக்கும் கீறல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து டிரைவர் முன்னாலேயே ரசீதில் எழுதி வாங்குங்கள்.