இணையத்தளத்துக்கு, வெயிலில் போனிலும் வாசிக்கக்கூடிய மாதிரி நிறம் போடுவது எப்படி?

நிறத்தில் இருந்து வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் முழு ஸ்கிரீனையும் கறுப்பு, வெள்ளை, சாம்பலில் மட்டும் வரையுங்கள். எது தலைப்பு, எது விலை, எங்கே அழுத்துவது என்று அதிலேயே விளங்காவிட்டால், பிறகு என்ன நிறம் பூசினாலும் விளங்காது.

அப்புறம் ஒரு நிறத்துக்கு ஒரு வேலைதான். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் கடைக்கு ஓடர் எடுக்கும் இணையத்தளம் செய்கிறீர்கள் என்று வைப்போம். முதலாளி அநேகமாக நல்லூர்க் கோயில் மதில் மாதிரி சிவப்பு வெள்ளை கேட்பார், இல்லாவிட்டால் கறுத்தக்கொழும்பான் மாம்பழ மஞ்சள். இரண்டும் வடிவான நிறங்கள்தான். ஆனால் தலைப்பும் சிவப்பு, விலையும் சிவப்பு, பட்டனும் சிவப்பு, பிழைச் செய்தியும் சிவப்பு என்றால் வந்தவர் எதை அழுத்துவார்? சிவப்பைப் பிழைச் செய்திக்கு விட்டுவிட்டு மஞ்சளைப் பட்டனுக்கு எடுங்கள், வேறெங்கும் அந்த மஞ்சள் வரக்கூடாது.

சரி, மஞ்சளில் எழுத்து என்ன நிறம்? பலர் யோசிக்காமல் வெள்ளை போடுவார்கள். கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டியான மெட்டீரியல் டிசைனில் உள்ள அம்பர் 500 என்ற மஞ்சளில் வெள்ளை எழுத்தின் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், சுமார் 1.6:1தான். இணையத்தளங்களை எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக்குவதற்கான டபிள்யூசிஏஜி விதியின் நடு மட்டமான ஏஏ தரம் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 கேட்கிறது. அதே மஞ்சளில் கறுப்பு போட்டால் 12ஐயும் தாண்டும். தமிழில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் கான்ட்ராஸ்ட் குறைந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். மெல்லிய சாம்பலில் சின்னதாகப் போட்ட 'க்' வெயிலில் 'க' ஆகிவிடும். குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவியில் எழுத்து நிறத்தைத் தெரிவு செய்யும் பெட்டியிலேயே இந்தக் கான்ட்ராஸ்ட் எண் தெரியும், கணக்குப் பார்த்து மினக்கெடத் தேவையில்லை.

இருப்பு உண்டு என்பதற்குப் பச்சைப் பொட்டு, முடிந்துவிட்டது என்பதற்குச் சிவப்புப் பொட்டு என்று மட்டும் வைக்காதீர்கள். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்தில் 'உண்டு', 'முடிந்தது' என்று எழுதிவிடுங்கள்.

கறுப்புப் பின்னணியில் காட்டும் டார்க் மோட் வேண்டுமென்றால் நிறங்களை அப்படியே தலைகீழாக்காமல் தனியாகத் தெரிவு செய்யுங்கள், கடும் நிறங்கள் கறுப்பில் கண்ணைக் குத்தும்.

கடைசியாக, விலை குறைந்த போன் ஒன்றில் வெளிச்சத்தைப் பாதியாக்கி, மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு ஓடர் போட்டுப் பாருங்கள். அறைக்குள் லேப்டாப்பில் பார்த்துவிட்டு "எழுத்தை இன்னும் கொஞ்சம் மெல்லிய நிறமாக்குங்கோ தம்பி" என்று முதலாளி சொன்னால், வாதாடாமல் அந்தப் போனைக் கையில் கொடுத்து அவரையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.