தவறிப்போய் வந்த நோய் விடுப்புச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டால்

ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது உதவும். காய்ச்சலில் பத்து நாள் படுத்திருப்பீர்கள், இஎஸ்ஐயில் நோய்க்காலப் பணம் வாங்கியிருப்பீர்கள். அதே நாட்களுக்குக் கம்பெனியும் தவறுதலாகச் சம்பளம் போட்டுவிடும். இரண்டு மாதம் கழித்து ஹெச்ஆர் கூப்பிட்டு, "அதைப் பிடிக்கப் போறோம்" என்பார்கள்.

பிடிக்க முடியுமா? முடியும். அதிகமாகக் கொடுத்த சம்பளத்தைச் சரிக்கட்டப் பிடித்தம் செய்ய 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தின் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்தமாக வழித்துக்கொள்ள முடியாது.

எந்தெந்தத் தேதிக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்க்கணக்கு வேண்டாம். அப்புறம் பே ஸ்லிப்பை எடுத்துப் பாருங்கள், பலர் கோட்டை விடும் இடம் இதுதான். தவறாக வந்தது 6,000 ரூபாய், முழுவதும் அடிப்படைச் சம்பளம் என்றால், பிஎஃப் 12 சதவீதம் 720, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 45 போக உங்கள் கைக்கு வந்தது 5,235தான். 6,000 பிடிக்கிறார்கள் என்றால், அந்த 765 எங்கே சரிசெய்யப்பட்டது என்று கேளுங்கள்.

  தவறு உண்மை என்றால், மூன்று நான்கு தவணையாகப் பிடிக்கச் சொல்லி மெயில் போடுங்கள். சண்டை போடுவதைவிட இது வேகமாக நடக்கும். மசியாவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.