சி நிரலுக்குத் தமிழில் கட்டளை கொடுப்பது: கொழுந்துக் கணக்கை வைத்து ஒரு செய்முறை

தேயிலைத் தோட்டத்தில், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் தராசு காட்டுகிற கிலோ அப்படியே கணக்கில் விழாது. சாக்குக்கு, ஈரத்துக்கு என்று ஏதாவது கழியும். மழைக்கு ஒரு கழிவு, வெயிலுக்கு ஒரு கழிவு. தோட்டத்துக்குத் தோட்டமும் மாறும். இலங்கை மலையகத்து ஹட்டனில் என் மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி இதுதான்: வீட்டில் அம்மா எடுத்த கொழுந்தை நாள்வாரியாக ஒரு கோப்பில் எழுதி, கழிவு போக மிச்சத்தைச் சம்பளத் துண்டோடு ஒத்துப் பார்க்க ஒரு சி நிரல். கூட்டல் கழித்தலை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் கழிவு 2 என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்து, மாறும்போதெல்லாம் திருத்திக் கம்பைல் செய்கிறார்கள். அம்மாவோ தங்கச்சியோ தானே ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் அது சரிவராது. இப்படி இருக்க வேண்டும்:

./கணக்கு --கழிவு 2 --அளவு 18 மார்ச்

அளவு என்பது முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழ எடுக்க வேண்டிய கிலோ. குறைந்தால் அரைப் பேர்தான் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மெயின் செயற்கூற்றுக்கு வருவது இரண்டு: எத்தனை சொற்கள் என்ற ஆர்க்ஸி, சொற்களின் வரிசையான ஆர்க்வி. வரிசையின் பூச்சிய இடத்தில் நிரலின் பெயர், கடைசிக்கு அடுத்த இடத்தில் நல் என்ற வெற்று மதிப்பு. இதை நீங்களே லூப் போட்டு, ஸ்டிரிங்கை ஒப்பிட்டு ஒப்பிட்டுப் பிரிக்கலாம். வேண்டாம். கோப்பின் பெயர் முன்னால் வந்தால் என்ன, --கழிவு=2 என்று சமக்குறி போட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். லினக்ஸில் கெட்ஆப்ட்.எச் தலைப்புக் கோப்பைச் சேர்த்தால், கட்டளைச் சொற்களைப் பிரித்துத் தரும் கெட்ஆப்ட்_லாங் என்ற செயற்கூறு கிடைக்கிறது. இந்த வேலை முழுவதையும் அதனிடமே விட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு அட்டவணை. ஸ்ட்ரக்ட் ஆப்ஷன் வகையில் ஒரு வரிசை. ஒவ்வொரு வரியிலும் நான்கு இடம். விருப்பத்தின் பெயர் (--கழிவு போல இரட்டைக் கோட்டோடு வருவதுதான் விருப்பம்), மதிப்பு வேண்டுமா என்ற குறிப்பு, நல், கடைசியில் நீங்கள் வைக்கும் எண். கழிவுக்கும் அளவுக்கும் மதிப்பு வேண்டும், ஆகவே ரிக்வயர்ட்_ஆர்கியுமென்ட். உதவிக்கு வேண்டாம், ஆகவே நோ_ஆர்கியுமென்ட். எண்களை 1000, 1001, 1002 என்று பெரிதாக வையுங்கள். பிழை வந்தால் கெட்ஆப்ட்_லாங் கேள்விக்குறியையும் முக்காற்புள்ளியையும் திருப்பித் தரும், அவற்றின் எண்கள் 63, 58. உங்கள் எண் அவற்றோடு மோதக் கூடாது. அட்டவணையின் கடைசி வரி முழுக்கப் பூச்சியம். அதை விட்டால் எங்கே நிற்பது என்று அதற்குத் தெரியாது.

பெயர் தமிழில் இருக்கலாமா? இருக்கலாம். நிரலை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் சேமித்தால் போதும். கெட்ஆப்ட்_லாங் பைட்டைப் பைட்டோடு ஒப்பிடுகிறது, மொழி அதற்குப் பொருட்டே இல்லை. ஒற்றைக் கோட்டோடு வரும் குறும் விருப்பத்துக்கு மட்டும் தமிழ் எழுத்து ஆகாது. அங்கே ஒரு விருப்பம் என்றால் ஒரே ஒரு பைட். நம்முடைய ‘க’வுக்கே 3 பைட்.

பைட்டைத்தான் பார்க்கிறது என்பதால் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, வேறு பெயரோடு குழம்பாத வரைக்கும் பெயரின் முன்பகுதி மட்டுமே போதும். --கழி என்றாலும் --கழிவு என்று எடுத்துக்கொள்ளும். பிறகு --காசு என்று ஒன்றைச் சேர்த்தால் வெறும் --க எதற்கும் ஆகாது. நம் கண்ணுக்குக் ‘கா’ தனி எழுத்து, ஆனால் உள்ளே அது ‘க’வும் பின்னால் ஒரு காலும்தான், இரண்டு பெயருமே ‘க’வில் தொடங்குவதாகவே அது பார்க்கும். இரண்டாவது இன்னும் பொல்லாதது. --தோட்டம் என்று ஒரு விருப்பம் வைக்க எல்லோருக்கும் ஆசை வரும். ‘தோ’வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒருவருடைய விசைப்பலகையில் வேலை செய்யும், இன்னொருவர் அடித்தால் ‘அப்படி ஒரு விருப்பம் இல்லை’ என்று வந்து நிற்கும். ஆகவே ஒகர, ஓகார, ஔகாரக் குறி வராத பெயராகத் தேர்ந்தெடுங்கள். நிரலுக்குக் ‘கொழுந்து’ என்று பெயர் வைக்காமல் ‘கணக்கு’ என்று வைத்ததும் இதனால்தான்.

அடுத்து லூப். கெட்ஆப்ட்_லாங்குக்கு ஆர்க்ஸி, ஆர்க்வி, குறும் விருப்பங்களின் ஸ்டிரிங், நம் அட்டவணை, நல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். குறும் விருப்பம் நமக்கு இல்லை, ஆனாலும் அந்த ஸ்டிரிங்கில் ஒரே ஒரு முக்காற்புள்ளியை வையுங்கள். அது இருந்தால் நூலகம் தன் பாட்டுக்கு ஆங்கிலத்தில் பிழைச்செய்தி அச்சிடாது. மதிப்பு விடுபட்டால் முக்காற்புள்ளியையும், தெரியாத விருப்பம் வந்தால் கேள்விக்குறியையும் நம்மிடம் தந்துவிடும். அடுத்துப் பார்க்க வேண்டிய சொல்லின் இடத்தை நூலகம் ஆப்ட்இண்ட் என்ற மாறியில் வைத்திருக்கும்; பிழையான சொல் ஆர்க்வியில் ஆப்ட்இண்ட் கழித்தல் ஒன்று என்ற இடத்தில் இருக்கும். ‘--களிவு என்று ஒரு விருப்பம் இல்லை’ என்று நல்ல தமிழில் நாமே சொல்லலாம்.

திரும்பி வரும் மதிப்பை வாங்கும் மாறி இன்ட் ஆக இருக்கட்டும், சார் ஆக வேண்டாம். விருப்பங்கள் முடிந்தால் வருவது கழித்தல் ஒன்று. சாதாரண மடிக்கணினியில் சார் குறை எண்ணையும் ஏற்கும், லூப் நிற்கும்; ஆனால் நாம் வைத்த 1000, 1001 எல்லாம் சாருக்குள் அடங்காது, எந்த விருப்பமும் பொருந்தாது. அதே நிரலை ராஸ்பெர்ரி பையில் கம்பைல் செய்தால் அங்கே சாருக்குக் குறை எண் இல்லை. கழித்தல் ஒன்று 255 ஆகிவிடும், லூப் முடியவே முடியாது. வகுப்பில் ஒரு தம்பி ராஸ்பெர்ரி பைதான் பழுது என்று சாதித்தான்.

லூப்புக்குள், வந்த எண் எந்த விருப்பத்துக்கு உரியது என்று ஸ்விட்ச் போட்டுப் பிரியுங்கள். அங்கே விருப்பத்தின் மதிப்பு ஆப்ட்ஆர்க் என்ற மாறியில் எழுத்தாக இருக்கும். அதை எண்ணாக்க ஏடுஐ என்ற செயற்கூறு வேண்டாம். ‘ரெண்டு’ என்று அடித்தால் அது பூச்சியம் என்று சொல்லி மெதுவாகப் போய்விடும். கழிவே இல்லாத கணக்கைக் கொண்டுபோய் கணக்கப்பிள்ளையிடம் வழக்கு வைத்தால் எப்படி இருக்கும்? அதற்குப் பதிலாக ஸ்ட்ரிடோல் செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். முன்னதாகப் பிழை எண்ணை வைத்திருக்கும் எர்னோ என்ற மாறியைப் பூச்சியமாக்கி, பிறகு மூன்றைப் பாருங்கள்: ஓர் இலக்கமாவது வாசித்ததா, வாசித்து நின்ற இடத்தில் ஸ்டிரிங் முடிகிறதா, எர்னோ மாறியதா. ‘2கிலோ’ என்று வந்தால் ‘க’வில் நிற்கும், பிடித்துவிடலாம். இந்தச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. --கழிவு --உதவி என்று அடித்து எண்ணை மறந்தால், கெட்ஆப்ட்_லாங் --உதவியையே கழிவின் மதிப்பாக விழுங்கிவிடும். அதை எண் இல்லை என்று திருப்பி அனுப்புவது உங்கள் வேலை. கழிவு பூச்சியத்துக்குக் குறையக் கூடாது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

லூப் முடிந்ததும் ஆப்ட்இண்டில் இருந்து ஆர்க்ஸிக்கு முந்திய இடம் வரை மிஞ்சியவை கோப்பின் பெயர்கள். கட்டளையில் பெயர் முன்னால் வந்திருந்தாலும் பின்னால் தள்ளி வைத்திருக்கும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் உதவியைக் காட்டி நிறுத்துங்கள். உதவிச் செய்தியில் பிரின்டெஃப்பின் அகல எண்ணை வைத்துப் பத்தி பிரிக்கப் பார்க்காதீர்கள், அதுவும் பைட்டைத்தான் எண்ணும், தமிழ் கோணிக்கொண்டு நிற்கும். டேப் போதும். பயனர் கேட்டு வந்த உதவி வழக்கமான வெளியீடான ஸ்டிடிஅவுட்டுக்குப் போக வேண்டும், வெளியேறும் எண் 0. பிழை என்றால் பிழைகளுக்கான வெளியீடான ஸ்டிடிஎர்ர், வெளியேறும் எண் 1.

விண்டோஸில் தமிழ்ப் பெயர்களை நம்ப வேண்டாம்; அங்கே மெயினுக்கு வரும் சொற்கள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 ஆக இருப்பதில்லை.

சரி, ஓட்டிப் பாருங்கள். --கழிவு=2 மார்ச், அப்புறம் மார்ச் --கழிவு 2: இரண்டுக்கும் ஒரே விடை வர வேண்டும். --கழிவு ரெண்டு, மதிப்பில்லாத வெறும் --கழிவு, --களிவு 2: மூன்றும் வெவ்வேறு செய்தியோடு நிற்க வேண்டும். கோப்பின் பெயரே கோட்டில் தொடங்கினால் அதற்கு முன் தனியாக -- போட்டு ஓட்டுங்கள். அதற்குப் பின்னால் வருவது எதையும் விருப்பமாக எடுக்காது.