கத்தரி மஞ்சளானதுக்கு காரணம் வைக்கோல்

திருவையாறு பக்கம் நம்ம வீட்டு கொல்லையில 12 கத்தரி, 6 வெண்டை, ஒரு அவரைப் பந்தல். மேட்டூர் வழக்கமா ஜூன் 12க்கு திறந்தாதான் வாய்க்கால்ல தண்ணி, அதுவரைக்கும் போர் தண்ணிதான், அதை வீணாக்க மனசு வராம ஈரம் நிக்கட்டும்னு சம்பா வைக்கோலை மண்ணோட சேர்த்து கொத்தி விட்டுட்டேன். ரெண்டே வாரத்துல அடி இலையெல்லாம் மஞ்சள். மனசே கேக்கல.

சித்தப்பா வந்து பாத்துட்டு, "காஞ்ச வைக்கோலை உள்ள புதைச்சா, அது மக்குறதுக்கே மண்ணுல இருக்குற தழைச்சத்து போயிரும்டா, செடிக்கு எங்க கிடைக்கும்"னாரு. முடிஞ்சவரைக்கும் வாரி எடுத்து மேலயே மூடாக்கா பரப்புனேன், தண்டுல ஒட்டாம நாலு விரக்கடை தள்ளி, இல்லன்னா தண்டு அழுகிரும். செக்குல வாங்குன கடலைப்புண்ணாக்கு கால் கிலோவை 3 நாள் ஊறவச்சு நல்லா தண்ணி கலந்து வேர்ல ஊத்துனேன், அடுத்த வாரம் 1 லிட்டர் கோமியத்துக்கு 10 லிட்டர் தண்ணி. மஞ்சளான இலை மாறல, ஆனா புதுத் தளிர் நல்ல பச்சையா வந்துச்சு.

முன்னாடி தினம் விட்ட தண்ணி இப்ப மூணு நாளைக்கு ஒருதடவை போதும். அரிசி கழுவுன தண்ணி மொத்தமும் அவரைக்கு.