நோட்டீஸுக்குப் பதில் எழுதும் முன், வருமான வரி வழக்கின் தீர்ப்பைப் படிப்பது எப்படி?

வருமான வரி நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பலர் முதலில் செய்வது இணையத்தில் தேடுவதுதான். "வரி கட்டத் தேவையில்லை, கோர்ட் அதிரடி" என்று ஒரு செய்தி கண்ணில் படும். அதை அப்படியே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதைப் போட்டுப் பதில் எழுதிடுங்க சார்" என்பார்கள். தஞ்சாவூரில் வரி ஆலோசகராக இருக்கும் எனக்கு இது அன்றாடம் நடப்பது. பெரும்பாலும் செய்தி பொய்யாக இருப்பதில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் செய்தித் தலைப்பு சொல்லாது. வீடு, மனை விற்ற கேஸ்களில் அதை நீங்களே பார்த்துவிடலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

முதல் வேலை, முழுத் தீர்ப்பை இறக்கிக்கொள்வது. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 'ஐ.டி.ஏ.' (வருமான வரி மேல்முறையீடு) எண்ணுக்குப் பின்னால் 'சென்னை' என்பதன் சுருக்கம் இருந்தால் சென்னை அமர்வு. பழைய உத்தரவுகளில் 'மெட்ராஸ்' என்பதன் சுருக்கம் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் வரி மேல்முறையீடுகளுக்கு 'டி.சி.ஏ.' என்று எண் போடுவார்கள். ரிட் மனு எண்ணில் 'எம்.டி.' என்று இருந்தால் அது மதுரைக் கிளை. இந்த எண்ணை வைத்துத் தேடியும் தீர்ப்பு கிடைக்கவில்லை என்றால் அதை மேற்கோள் காட்டாதீர்கள். தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வே, 2024 டிசம்பரில் இல்லாத தீர்ப்புகளைச் சுட்டி எழுதிய ஓர் உத்தரவைப் பிறகு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. செயற்கை நுண்ணறிவுச் செயலி எடுத்துக்கொடுக்கும் வழக்குப் பெயர்களை நான் ஒன்றுவிடாமல் சரிபார்ப்பது அதனால்தான்.

கையில் கிடைத்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'புள்ளிவிவர நோக்கத்துக்காக அனுமதிக்கப்படுகிறது' என்று ஆங்கிலத்தில் முடிந்திருந்தால், வரி செலுத்துபவர் ஜெயித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழே அனுப்பியிருப்பார்கள். அப்படி அனுப்பிவிட்ட கேள்விக்கு அந்த உத்தரவில் விடை இருக்காது.

அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து மதிப்பீட்டு ஆண்டைப் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) பாருங்கள். ரொம்பப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு பெரியவர் தன் மனையைக் கட்டுமானக்காரரிடம் கொடுத்து, பதிலுக்கு நான்கு ஃபிளாட் வாங்கினார். வீடு அல்லாத சொத்தை விற்ற பணத்தை வீட்டில் போடுவோருக்கு வரி விலக்கு தரும் 54எஃப் பிரிவில் நான்குக்கும் விலக்கு உண்டு என்று ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்தார். வி.ஆர். கற்பகம் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம், 2014. உண்மையான தீர்ப்பு, நல்ல தீர்ப்பு. நிலத்துக்குப் பதிலாக ஐந்து ஃபிளாட் கிடைத்த ஒருவருக்கு, ஐந்துக்கும் சேர்த்தே விலக்கு கொடுத்தது. ஆனால் அதே 2014-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2015-16 மதிப்பீட்டு ஆண்டு முதல் இந்தியாவில் 'ஒரே ஒரு' குடியிருப்பு வீடு என்று வாசகம் மாறியது. பெரியவருடைய ஒப்பந்தம் 2019-ஐச் சேர்ந்தது. தீர்ப்பு செல்லும், அவருக்குத்தான் செல்லாது. ஆகவே, தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருக்கும் பிரிவின் வாசகத்தையும் உங்கள் ஆண்டுக்கான வாசகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு சொல் விடாமல் ஒப்பிடுங்கள். 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன. ஆனால் பழைய ஆண்டுகளின் வழக்குகள் 1961 சட்டப்படியே நடப்பதால் பழைய தீர்ப்புகளை இன்னும் படித்தாக வேண்டும்.

ஆண்டு பொருந்தினால், யார் சொன்னது என்று பாருங்கள். உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் இருப்பவருக்கு அடுத்து சென்னை உயர் நீதிமன்றம். மதுரைக் கிளையின் தீர்ப்புக்கும் அதே மதிப்பு. குஜராத்தோ கர்நாடகமோ சொன்னது வாதத்துக்கு வலு சேர்க்கும், அதிகாரியைக் கட்டாயப்படுத்தாது. உச்ச நீதிமன்றம் காரணம் எதுவும் எழுதாமல் சிறப்பு அனுமதி மனுவை (மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கும் மனு) தள்ளுபடி செய்ததை 'உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது' என்று எழுதிவிடக் கூடாது.

இனி வழக்கின் சங்கதிகள். 1992-இல் சன் எஞ்சினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது இது: தீர்ப்பிலிருந்து ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து அதையே முழுச் சட்டமாகக் காட்டக் கூடாது. நான் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவர்கள் கதை, வலப்பக்கம் நம் கதை என்று எழுதுவேன். உதாரணத்துக்கு, ஆர்யமா சுந்தரம் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றம், 2018. அவர் 2007-இல் பழைய கட்டடத்தோடு ஓர் இடம் வாங்கி, அதை இடித்துப் புது வீடு கட்டினார். 2010 ஜனவரியில் வேறொரு வீட்டை விற்றார். வீடு விற்ற லாபத்தை வேறு வீட்டில் போடுவோருக்கான 54-ஆம் பிரிவில், விற்ற பிறகு செய்த செலவுக்கு மட்டும்தான் விலக்கு என்றது வருமான வரித் துறை. விற்ற மூன்று ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, விற்ற பிறகுதான் கட்டத் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை என்றது நீதிமன்றம். இடத்தின் விலையையும் முன்பே செய்த கட்டுமானச் செலவையும் சேர்த்துக்கொண்டது.

உங்கள் பக்கம் எழுதுங்கள்: விற்றது குடியிருப்பு வீடா? கட்டி முடித்த தேதி மூன்று ஆண்டுக்குள் வருகிறதா? செலவுக்கு வங்கிக் கணக்கில் தடம் இருக்கிறதா? கட்டி முடித்ததைக் காட்ட வீட்டு வரி ரசீதோ மின் இணைப்பு ஆவணமோ உண்டா? இடப்பக்கம் இருக்கும் ஒரு முக்கியமான சங்கதி வலப்பக்கம் இல்லையென்றால், அதை அதிகாரி நிச்சயம் பிடிப்பார். அதற்கான விளக்கத்தை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்.

பதில் கடிதத்தில் பத்துத் தீர்ப்புகளை அடுக்க வேண்டாம். ஒன்றோ இரண்டோ போதும். வழக்கின் பெயர், எண், தேதி, எந்தப் பத்தி, அந்தப் பத்தி சொல்வது என்ன, உங்கள் சங்கதி அதோடு எப்படி ஒத்துப்போகிறது. இவ்வளவையும் அரைப் பக்கத்தில் எழுதி, முழுத் தீர்ப்பின் பிடிஎஃப்பை இணைத்து, வருமான வரி போர்ட்டலில் ஏற்றிய ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

அதிகாரி அதைக் கண்டுகொள்ளாமலே உத்தரவு போட்டால், உத்தரவு கிடைத்ததிலிருந்து 30 நாளைக்குள் படிவம் 35-இல் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதன் காரணங்களில், இன்ன தேதியில் இந்தத் தீர்ப்பைக் கொடுத்தேன், அதை ஏற்காததற்கு உத்தரவில் ஒரு வரி விளக்கம்கூட இல்லை என்று தனிக் காரணமாகவே எழுதுங்கள். ஒப்புகையையும் கூடவே வையுங்கள்.