சீனாவில் ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி: பைடு, சோகோ, காவ்தே

தென்கிழக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் சுவான்சோ என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்து, தமிழில் கல்வெட்டும் வெட்டி வைத்தார். அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் நலனுக்காக எழுப்பியதால் கோயிலுக்குத் திருக்கானீச்சுரம் என்று பெயர். அந்தக் காலத்து இந்துக் கோயில் சிற்பங்கள் இன்றும் அந்த ஊரில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் போனேன். பயண ஏற்பாட்டைவிட இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. முதலில் சீனப் பெயரைப் பிடியுங்கள்

ஆங்கிலப் பெயரை வைத்துக்கொண்டு சீனத் தளங்களில் தேடினால் பாதிக்கு மேல் கிடைக்காது. விக்கிப்பீடியாவில் அந்த இடத்தின் கட்டுரையைத் திறந்து, மொழிப் பட்டியலில் சீனத்துக்கு மாறி, தலைப்பை அப்படியே நகலெடுங்கள். மேலே எழுத்து வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் இருக்கும். பெருநிலச் சீனாவின் எளிய எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு நகலெடுப்பது நல்லது.

ஊர்ப் பெயரையும் கட்டாயம் முன்னால் சேருங்கள். நான் தேடியது சுவான்சோவில் உள்ள காய்யுவான் என்ற பௌத்தக் கோயில், அங்கேயும் இந்துச் சிற்பத் தூண்கள் உண்டு. 738இல் தாங் பேரரசர் நாடு முழுக்க இந்தப் பெயரில் கோயில்கள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டதால், சாவ்சோவிலும் ஒரு காய்யுவான் உண்டு, வேறு ஊர்களிலும் உண்டு.

2. எந்தத் தேடுபொறி?

பைடு, சோகோ, பிங் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ஒரே சொல்லைத் தேடிப் பார்த்தேன்.

பைடு: உள்ளூர்த் தகவலுக்கு இதுதான். திறக்கும் நேரம், நுழைவாயில் படம், பைடுவின் சொந்தக் கலைக்களஞ்சியம் எல்லாம் முதல் பக்கத்திலேயே வரும். ஆனால் தன் சொந்தத் தளங்களையே முன்னால் நிறுத்தும். விளம்பரம் என்ற குறிப்பு சாம்பல் நிறத்தில் சின்னதாக இருக்கும், அதைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வந்த மருத்துவமனை முடிவை நம்பிய ஒரு மாணவர் இறந்துபோனதை அடுத்து, 2016இல் அரசு தலையிட்டு, பக்கத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்றது. ஊர் சுற்ற பைடு போதும், மருத்துவம் தேட நான் அதைத் தொட மாட்டேன்.

சோகோ: வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் பொதுக் கணக்குகளில் வரும் கட்டுரைகளைத் தேட இதில் தனிப் பக்கம் உண்டு. சிற்பங்களைப் பற்றி உள்ளூர் ஆர்வலர்கள் எழுதிய நல்ல கட்டுரைகளும் படங்களும் எனக்கு இங்கேதான் கிடைத்தன.

பிங்: சீனப் பதிப்பில் உள்நாடு, சர்வதேசம் என்று இரண்டு பொத்தான்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுகளுக்கு இரண்டாவதை அழுத்துங்கள்.

3. வரைபடம்

என் தேர்வு காவ்தே. ஆமேப் என்றும் சொல்வார்கள், அலிபாபாவுடையது. பேருந்து வழியும் நடைபாதையும் இதில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பைடு வரைபடமும் குறையில்லை, ஆனால் திரையில் நெரிசல் அதிகம். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிலேயே இருக்கும் ஆப்பிள் வரைபடத்தைப் பயன்படுத்தலாம். சீனாவுக்குள் அதற்குத் தரவு தருவதே காவ்தேதான்.

4. எண்களை இடம் மாற்றாதீர்கள்

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் மாலை விடுதியில் உட்கார்ந்து, ஒரு வரைபடத்தில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்னொரு வரைபடத்தில் ஒட்டினேன். மறுநாள் காலை வரைபடத்தின் இடக்குறி ஊசி காட்டிய இடத்துக்கு நடந்து போனால் அங்கே குடியிருப்புகள்தான் இருந்தன. கோயில் வடகிழக்கே கிட்டத்தட்ட 900 மீட்டர் தள்ளி இருந்தது.

காரணம் இதுதான். உலகம் முழுக்க ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற முறை. சீனச் சட்டப்படி அங்கே வெளியாகும் வரைபடங்கள் ஜிசிஜே-02 என்ற முறையில் இருக்க வேண்டும். அது எண்களைச் சில நூறு மீட்டர் வரை நகர்த்திவிடும், நகர்த்தும் அளவும் இடத்துக்கு இடம் மாறும். சீனர்களே இதற்கு 'செவ்வாய்க் கிரக ஆயங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் (ஆயம் என்றால் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்). காவ்தே, டென்சென்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் வரைபடம் இரண்டும் இந்த முறையில் இருக்கின்றன. பைடு இதற்கு மேல் இன்னொரு நகர்த்தலைச் சேர்த்து பிடி-09 என்று தனி முறை வைத்திருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே கோயில் வாசலைக் காவ்தேயிலும் பைடுவிலும் அழுத்தி, எண்களைக் கழித்துப் பாருங்கள். தீர்க்கரேகையில் 0.0065, அட்சரேகையில் 0.006 என்ற அளவில் வித்தியாசம் வரும். சுவான்சோவில் அது ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 650 மீட்டர். மூலைவிட்டமாகப் பார்த்தால் என் 900 மீட்டர் வந்துவிடுகிறது.

ஆகவே ஒரு வரைபடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சீனப் பெயரை மட்டும் கொண்டு போங்கள். புகைப்படத்தில் பதிந்த ஜிபிஎஸ் எண் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் போட்டுப் பாருங்கள், அது டபிள்யூஜிஎஸ்-84 முறையிலேயே இருக்கிறது. அங்கே இடத்தின் சீனப் பெயரைப் படித்துக்கொண்டு, அப்புறம் காவ்தேக்கு வாருங்கள்.

பின்சேர்க்கை 1: எண்ணை ஒட்டினால் பிழை வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். காவ்தே, பைடு இரண்டின் ஆயம் எடுக்கும் பக்கங்களிலும் தீர்க்கரேகைதான் முதலில் வரும். அட்சரேகை 90ஐத் தாண்டாது, எனவே 118 என்று தொடங்கினால் அது தீர்க்கரேகை. பைடு வரைபடத்தின் முகவரிப் பட்டையில் தெரியும் எட்டு இலக்க எண் மீட்டர் கணக்கு, அதை நகலெடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: பைடு திறந்ததும் சாய்ந்த படம் ஒன்று வருகிறதே என்று கேட்டார்கள். கீழே உள்ள பட்டையை இழுத்துப் படத்தை நேராக்கினால் போதும், அது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை.

பின்சேர்க்கை 3: அருங்காட்சியகத்தைத் தேடி, காய்யுவான் கோயில் வளாகத்துக்குள் இருக்கும் பழைய கப்பல் காட்சிக்கூடத்துக்கு ஒருவர் போய்விட்டார். காய்யுவான் தூண்களைத் தவிர நான் சொன்ன இந்துச் சிற்பங்கள் இருப்பது நகரின் கிழக்கே உள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில். முழுப் பெயரையும் இட்டுத் தேடுங்கள்.

காய்யுவானில் ஊசி உங்களை மேற்குத் தெரு வாசலில் விட்டுவிடும். உள்ளே பெரிய மண்டபத்தின் முன்பக்கத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். நரசிம்மரும் கண்ணனும் செதுக்கிய இரண்டு கல்தூண்கள் அங்கே நிற்கின்றன.