பழைய பைக்க இன்ஸ்பெக்ஷனுக்கு கொண்டு போறதுக்கு முன்னாடி பண்ணக் கூடாத வேலைங்க

போன வாரம் ஒரு தம்பி தன்னோட 22 வருஷத்து வண்டியோட வந்து நின்னான், மறுநாள் இன்ஸ்பெக்ஷன் (வண்டி ரோட்டுல ஓட்ட தகுதியா இருக்கான்னு பாக்குற டெஸ்ட்), "அண்ணே, எல்லாத்தையும் டைட் பண்ணிட்டேன், ஒரு தடவ பாத்து சொல்லுங்க"ன்னு. அத கேட்டதுமே எனக்கு வயித்துல புளிய கரைச்சுது, ஏன்னா பல வருஷம் முன்னாடி நானும் இதே மாதிரி எல்லாத்தையும் டைட் பண்ணிட்டுப் போய்தான் ஃபெயில் சீட்டோட திரும்பி வந்தேன். பழைய வண்டின்னாலே பாஸ் ஆகாதுன்னு சொல்றவங்கள நான் நம்புறதில்ல. அந்த ஒரு தடவைக்கு அப்புறம் என் வண்டி ஒரு தடவ கூட ஃபெயில் ஆகல, இத்தனைக்கும் வயசு ஏறிக்கிட்டேதான் போகுது. பாதி ஃபெயில் கடைசி ஒரு வாரத்துல அவசரமா நாமளே பண்ற வேலையாலதான் வருது.

ஹாரன் அடிக்குதா, பல்பு எரியுதா, கண்ணாடி இருக்கா, இதெல்லாம் இங்க எழுதல. அது உங்களுக்கே தெரியும்.

கோன் செட் ஆட்டத்த நட்ட டைட் பண்ணி மறைக்கிறது

இதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு எரிச்சல் வர்ற விஷயம், அதனால கொஞ்சம் நீட்டிதான் சொல்வேன். முன் பிரேக்க பிடிச்சுக்கிட்டு வண்டிய முன்னும் பின்னும் ஆட்டினா ஹேண்டிலுக்கு கீழ "டொக் டொக்"னு ஒரு சத்தம் வரும். கோன் செட் ஆட்டம், அதாவது ஹேண்டில் திரும்புறதுக்கு ஃபிரேம் கழுத்துல இருக்கிற பேரிங் லூசா இருக்கு. உடனே நாம என்ன பண்ணுவோம், சி ஸ்பேனர எடுத்து அட்ஜஸ்டர் நட்ட ரெண்டு இழு இழுத்துடுவோம், சத்தம் நின்னுடும், சந்தோஷமா போய் படுத்துடுவோம். நானும் அப்படித்தான் படுத்தேன்.

மறுநாள் போற வழியிலயே வண்டி ஒரு மாதிரி குடிச்சவன் மாதிரி போச்சு, நேரா விட்டா கொஞ்சம் இடது, திருத்தினா கொஞ்சம் வலது. டயர்ல காத்து கம்மின்னு நெனச்சேன். அங்க செக் பண்ணவர் பெருசா ஒண்ணும் பண்ணல, சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்த தரையில இருந்து தூக்கி, ஹேண்டில ரெண்டு விரலால மெதுவா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு திருப்பினார். நடுவுல வந்ததும் ஹேண்டில் ஒரு பள்ளத்துல விழுந்த மாதிரி "டக்"னு உக்காந்துச்சு. என் விரலையும் வச்சு திருப்பச் சொன்னார். அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல.

வீட்டுக்கு வந்து கழட்டினா உள்ள கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி இருக்கு, பேரிங் கப்புல பால்ஸ் (இரும்பு குண்டுங்க) உக்கார்ற தடத்துல வரிசையா குழி, பல்லாங்குழி பலகை மாதிரி. வருஷக் கணக்கா நேராவே ஓட்டுறோம்ல, ரோட்டுல விழுற ஒவ்வொரு அடியையும் பால்ஸ் அதே இடத்துலயே வாங்கி அங்கயே குழி தோண்டிடும். நட்ட டைட் பண்ணினா பால்ஸ் அந்தக் குழிக்குள்ள இன்னும் அழுத்தமா போய் உக்காரும், ஆட்டம் மறையும், ஆனா ஹேண்டில் நேர் கோட்டுல மாட்டிக்கும். ஆட்டத்தோட போயிருந்தாலும் ஃபெயில்தான், ஆனா அப்ப வண்டி நேராவாவது போயிருக்கும். நான் ரெண்டையும் கெடுத்துட்டு, கடைசியில புது கோன் செட்டும் வாங்கி, மறுபடி டெஸ்ட் ஃபீஸும் கட்டி, லீவும் போட்டேன்.

பேரிங்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம் பாத்துக்கோங்க. யாரையாவது பிரேக் பிடிச்சு ஆட்டச் சொல்லிட்டு, ஃபிரேமும் ஃபோர்க் (முன் சக்கரத்த தாங்குற ரெண்டு குழாய்) பிளேட்டும் சேர்ற இடுக்குல உங்க விரல வைங்க. அசைவு அங்க தெரிஞ்சா கோன் செட். அங்க ஒண்ணும் தெரியாம கீழ ஃபோர்க் குழாய்ல தெரிஞ்சா அது ஃபோர்க் குழாய்க்குள்ள இருக்கிற புஷ் தேஞ்சது, கோன் செட்ட மாத்தியும் சத்தம் போகாது. சுவிங் ஆர்முக்கும் (பின் சக்கரத்த தாங்குற கை) இதே மாதிரிதான், பின் சக்கரத்த பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டி, அசையறது வீல் பேரிங்கா சுவிங் ஆர்ம் புஷ்ஷான்னு விரல வச்சு பாக்கணும்.

மாத்தும்போது பழைய வண்டிங்கள்ல நிறைய பால்ஸ் தனித்தனியா இருக்கும், கழட்டினதும் கொட்டும், அதனால கீழ ஒரு தட்டு வச்சுக்கோங்க, மேல எத்தன கீழ எத்தனன்னு எண்ணிக்கோங்க, சில வண்டில ரெண்டும் ஒண்ணா இருக்காது. கப்பையும் சேர்த்து மாத்துங்க, குழி விழுந்த கப்புல புது பால்ஸ் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. மாட்டும்போது நட்ட முதல்ல கொஞ்சம் இறுக்கி, ஹேண்டில நாலஞ்சு தடவ முழுசா திருப்பி, அப்புறம் லேசா லூஸ் பண்ணணும். சக்கரம் தூக்கி இருக்கும்போது ஹேண்டில ஒரு தட்டு தட்டினா தானா ஒரு பக்கம் சாயணும், ஆட்டமும் இருக்கக் கூடாது. மேல இருக்கிற பெரிய நட்ட இறுக்கினதும் செட்டிங் மாறும், அதனால இறுக்கிட்டு திரும்ப ஒரு தடவ பாருங்க. இத யாருமே பண்றதில்ல.

பழைய ஹெட்லைட்ல எல்ஈடி பல்ப சொருகுறது

ரிஃப்ளெக்டர் பழைய பல்போட இழைக்கு தகுந்த மாதிரி செஞ்சது. எல்ஈடி போட்டா வெளிச்சம் நிறைய இருக்கும், ஆனா கண்ட பக்கம் சிதறும். டெஸ்டுக்கு ஒரிஜினல் பல்பயே போடுங்க.

ஃபோர்க் ஆயில தொடச்சிட்டு போறது

முன் பக்கத்த அஞ்சு தடவ அமுக்கினா கசிவு திரும்ப வந்துடும். ஆயில் சீல் போயிருக்கும், அத மாத்துங்க.

டயர் பட்டன மட்டும் பாக்குறது

பட்டன், அதாவது ரோட்டுல படுற மேடுங்க, நல்லாத்தான் இருக்கும், பக்கச் சுவர்ல வெடிப்பு வலை மாதிரி ஓடும். டயர்ல செஞ்ச தேதிய சொல்ற 4 இலக்க நம்பர பாருங்க, 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. அங்க வெறும் 3 இலக்கம் இருந்தா அது 2000க்கு முன்னாடி செஞ்ச டயர், அத மியூசியத்துல கொண்டு போய் குடுத்துடுங்க. அப்புறம் டயர்ல அம்புக்குறி இருந்தா சக்கரம் சுத்துற திசையோட ஒத்துப் போகுதான்னும் பாத்துக்கோங்க.

இன்ஜின் சூடாகாம புகை டெஸ்டுக்கு நிக்கிறது

கார்பரேட்டர் வண்டி ஒரு 20 நிமிஷமாவது ஓடி இருக்கணும். சோக் (குளிர்ந்த இன்ஜின ஸ்டார்ட் பண்ண பெட்ரோல் அதிகமா போக வைக்கிறது) பாதியில மாட்டிக்கிட்டிருக்கான்னும் பாருங்க. பழைய கேபிள் துருவேறி திரும்பாம நிக்கும், நமக்கு தெரியாது, பெட்ரோல் அதிகமா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு எகிறிடும். ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் இதே கதைதான்.

ஃபிரேமுக்கு புது பெயின்ட்

தெரிஞ்சவர் ஒருத்தர் வண்டிய புதுசு மாதிரி காட்டணும்னு ஃபிரேம தேச்சு பவுடர் கோட்டிங் அடிச்சிட்டார். அடிச்சவன் சேசிஸ் நம்பர் மேல டேப் ஒட்டல. கோட்டிங் போய் நம்பர அடைச்சுக்கிச்சு, படிக்க முடியல, அது அவரு வண்டிதான்னு நிரூபிக்கவே அலைஞ்சார். பெயின்டுக்கு விடுறீங்கன்னா நம்பர் இருக்கிற இடத்த நீங்களே டேப் போட்டு மூடிட்டு குடுங்க.

முந்தின நாள் செயின் டைட் பண்றது

தேஞ்ச செயின் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. சக்கரத்த சுத்தி, எங்க ரொம்ப இறுக்கமா இருக்கோ அங்க வச்சு அட்ஜஸ்ட் பண்ணுங்க. அந்தத் தம்பி லூசா இருந்த இடத்துல வச்சு டைட் பண்ணியிருந்தான், சக்கரத்த கையால சுத்தினா பாதியில நின்னுடுச்சு. ஹேண்டிலயும் திருப்பி பாத்தேன். நடுவுல "டக்".